மழை சீசனுக்கு முன்னாடி வீட்லயும் அபார்ட்மெண்ட்லயும் முடிச்சு வைக்க வேண்டிய வேலைங்க

மழை சீசன் நெருங்கிடுச்சு. இனிமே எல்லா குரூப்லயும் மேகப் படமும் எச்சரிக்கை ஃபார்வர்டும் வந்து குவியும், ஆனா அதைப் படிச்சுட்டு எந்திரிச்சுப் போய் நம்ம வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்க இருக்கு, அது ஒழுங்கா இறங்குதான்னு பாக்குறவங்க ரொம்பக் கம்மி. மழைக்காலத்துல வீட்டுக்குள்ள நடக்குற பல விபத்துல மழை வெறும் சாட்சி தாங்க. கொட்டுற நேரத்துல பதட்டத்துல நாம செய்யுற வேலை தான் ஆளைச் சாய்க்குது. இருட்டுல ஈரக்கையோட ஃப்யூஸ் மாத்தப் போறது, பேஸ்மெண்ட்ல நிக்குற வண்டியை எடுக்கப் போறது, கரண்ட் இல்லைன்னு ஜெனரேட்டரை வராண்டாவுலயே ஓட விடுறது, இந்த மாதிரி. அதனால என் கணக்கு சிம்பிள்: வானம் காஞ்சிருக்கும்போதே முடிக்கிறதை முடிச்சுட்டு, மழை அன்னைக்கு செய்ய வேண்டிய வேலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைச்சுடுங்க.

முதல்ல கரண்ட்

ஒரு நாள் பகல்ல டார்ச்சும் மார்க்கரும் எடுத்துகிட்டு டிபி பாக்ஸ், அதாவது வீட்டு கரண்ட் லைன் எல்லாம் பிரியுற பெட்டி, அது முன்னாடி போய் நில்லுங்க. அதுல ஒவ்வொரு லைனுக்கும் இருக்குற சின்ன ஸ்விட்ச் தான் எம்.சி.பி., அதை ஒவ்வொண்ணா இறக்கி, எந்த ரூம் அணையுதுன்னு வீட்ல ஒருத்தரைக் கத்திச் சொல்ல விட்டு, பக்கத்துலயே தமிழ்ல எழுதி ஒட்டிடுங்க. "ஹால் லைட்டு ஃபேன்", "கிச்சன் பிளக்", "ஹீட்டர்", "மோட்டார்", "வெளி லைட்டு", இப்படி. வீட்ல இருக்குற எல்லாருக்கும், முக்கியமா பகல்ல தனியா இருக்குற பெரியவங்களுக்கும் விவரம் தெரிஞ்ச பசங்களுக்கும், மெயினை எப்படி இறக்குறதுன்னு காட்டிடுங்க. காட்டினா மட்டும் பத்தாது, அவங்க கையால ஒரு தடவை இறக்கச் சொல்லுங்க. சில வீட்ல அது அவ்வளவு டைட்டா இருக்கும், இல்ல அவ்வளவு உயரத்துல இருக்கும், அன்னைக்குத் தான் தெரியும்.

இப்போ பல பேர் குழப்பிக்கிற ஒரு விஷயம். எம்.சி.பி. இருக்கு, ஷாக் அடிச்சா அதுவா விழுந்துடும்னு நினைக்கிறாங்க. விழாது. எம்.சி.பி. காப்பாத்துறது ஒயரை, ஆளை இல்ல. லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ தான் அது இறங்கும், ஒருத்தர் உடம்பு வழியா பூமிக்கு இறங்குற கொஞ்சூண்டு கரண்டு அதுக்குத் தெரியவே தெரியாது. ஆனா உயிர் போறதுக்கு அந்தக் கொஞ்சூண்டு போதும். ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி.ன்னு ஒண்ணு, நாம பொதுவா ஈ.எல்.சி.பி.ன்னு தான் சொல்றோம். ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துகிட்டே இருக்கும், நடுவுல எங்கயாவது கசிஞ்சா கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள துண்டிச்சுடும். வீட்டுக்குப் போடுறது 30 மில்லியாம்ப் ரேட்டிங், அது மேலயே அச்சடிச்சிருக்கும், 100, 300 போட்டதெல்லாம் தீப்பிடிக்காம இருக்கத் தான் உதவும், ஆளுக்கு உதவாது.

அதுல ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். கம்ப்யூட்டரை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு அதை அமுக்குங்க, டக்குன்னு விழணும். விழலைன்னா அது வெறும் அலங்காரப் பொருள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்துங்க. மழை சீசன்ல மாசம் ஒரு தடவையாவது அமுக்கிப் பாருங்க. வருஷக்கணக்கா தொடாம விட்டா உள்ள இருக்குற மெக்கானிசம் இறுகிப்போய் தேவைப்படுற அன்னைக்கு விழாம நின்னுடும். இன்னொண்ணு, மழை ஆரம்பிச்சதும் இது அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னா "தொல்லையா இருக்கு"ன்னு பைபாஸ் பண்ணச் சொல்லாதீங்க ப்ளீஸ், எங்கயோ ஈரத்துல கசியுதுன்னு அது கரெக்டா சொல்லுது. பெரும்பாலும் மொட்டை மாடி லைட்டு, கேட் லைட்டு, காலிங் பெல், மாடியில இருக்குற வாஷிங் மெஷின் பிளக், இந்த வெளிப்பக்க லைன் தான் காரணமா இருக்கும்.

அப்புறம் இன்வெர்ட்டர். இதை யாருமே சொல்றதில்ல. மெயினை இறக்கிட்டோம், வீடு சேஃப்னு நினைச்சு தண்ணிக்குள்ள காலை வைப்போம், ஆனா மெயின் போனதும் இன்வெர்ட்டர் தன் வேலையைக் கரெக்டா ஆரம்பிச்சு வீட்ல பாதி பாயிண்டுக்கு கரண்ட் குடுத்துகிட்டு இருக்கும். பல வீட்ல இன்வெர்ட்டர் லைனை ஈ.எல்.சி.பி.க்கு வெளியே இழுத்து விட்டிருப்பாங்க, அப்போ அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதனால ஆர்டர் இது தான்: முதல்ல மெயின், அடுத்தது இன்வெர்ட்டர் ஸ்விட்ச். அது பேட்டரியோட தரைத்தளத்துல ஒரு மூலையில உக்காந்திருந்தா இப்பவே கொஞ்சம் மேடான, காத்து வர்ற இடத்துக்கு மாத்துங்க. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டுறதும் தப்பு. மாடியில சோலார் பேனல் இருந்தா அதுக்கும் தனி ஐசொலேட்டர், அதாவது கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச், இருக்கும், எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க.

ஓதம் அடிச்ச சுவத்துல இருக்குற ஸ்விட்ச் போர்டு தொட்டா ஜிவ்வுன்னு இருக்கா, குழாயைத் திறந்தா விரல்ல சுருக்குங்குதா, அந்த லைனை அப்பவே ஆஃப் பண்ணி வைங்க. ரப்பர் செருப்பு போட்டுகிட்டு சமாளிக்கலாம்ங்கிற பேச்செல்லாம் வேண்டாம். தரையில கிடக்குற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எல்லாம் சுவத்துல மாட்டிடுங்க.

தண்ணி போற வழி

இது சின்ன வேலை, ஆனா யாரும் செய்யுறதில்ல. மொட்டை மாடி அவுட்லெட்ல இலை, பழைய சிமெண்ட் பை, பந்து, என்னென்னவோ கிடக்கும். எடுத்துட்டு ரெண்டு பக்கெட் தண்ணியை ஊத்திப் பாருங்க, கீழ பைப்ல சத்தத்தோட வந்தா சரி, மாடியிலயே தேங்கி நின்னா பைப் அடைச்சிருக்கு. பால்கனி ட்ரெயினும் இதே மாதிரி. கைப்பிடிச் சுவர் மேலயும் சன்ஷேட் மேலயும் இருக்குற தொட்டியை எல்லாம் தரைக்கு இறக்கிடுங்க, காத்துல அது விழுந்தா கீழ போறவர் தலை தான்.

தரைத்தள வீடுன்னா கழிவுத் தண்ணி ரிவர்ஸ்ல வர்றது தான் பெரிய தலைவலி. வெளிய லைன் நிறைஞ்சதும் கம்மோடு வழியாவும் பாத்ரூம் தரை ஓட்டை வழியாவும் பொங்கும். ப்ளம்பரை வச்சு தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் வால்வு போட முடிஞ்சா நல்லது, முடியலைன்னா கனமான பிளாஸ்டிக் கவர்ல மணலைக் கட்டி கம்மோடுக்குள்ளயும் ஓட்டை மேலயும் வைக்கிற மாதிரி ரெடியா வச்சுக்கோங்க.

சம்ப் மூடி தரையோட தரையா இருந்தா தெருத்தண்ணி மொத்தமும் உள்ள தான் போகும், சுத்தி ஒரு வரிசை கல்லு வச்சு உயர்த்திடுங்க. சம்ப் கழுவுறதுக்கு ஆளை இறக்கும்போது மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. மூடியே கிடந்த தொட்டிக்குள்ள ஆக்சிஜன் கம்மியா இருக்கலாம், விஷவாயுவும் இருக்கலாம், மூடியை நல்லா நேரம் திறந்து வச்சு காத்தாட விட்டு, வெளிய ஒரு ஆள் நிக்கணும். உள்ள போனவர் மயங்கினா மேல நிக்குறவர் குதிக்கக் கூடாது, அப்படிக் குதிச்சுத் தான் ரெண்டாவது ஆளும் போயிடுறாங்க, தீயணைப்புக்கு போன் பண்ணுங்க. செப்டிக் டேங்க்னா ஆளை இறக்குற பேச்சுக்கே இடமில்ல, மெஷின் தான்.

காஸ்

சுருக்கமா சொல்லிடுறேன். டியூப்ல அச்சடிச்ச தேதியைப் பாருங்க, தாண்டியிருந்தா மாத்துங்க, வெடிப்பு தெரிஞ்சா தேதி பாக்காம மாத்துங்க. கசிவு சந்தேகம்னா சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை கொப்புளம் வந்தா கசியுது, தீக்குச்சி கொளுத்திப் பாக்குற வேலை எந்தக் காலத்துலயும் வேண்டாம். சிலிண்டர் காஸ் காத்தை விட கனம், தரையோட தங்கும், மழைக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி வச்ச வீட்ல வெளிய போக வழியே இருக்காது. வாசம் அடிச்சா ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, வெளிய வாங்க. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கூடாது, எரியுற லைட்டை அணைக்கவும் கூடாது, ஸ்விட்ச்சைத் தொட்டாலே பொறி தான். போனும் வெளிய வந்து பேசுங்க.

குரூப்ல செய்தி போடுறது எப்படி

இதுவும் பாதுகாப்பு வேலை தாங்க, வெட்டி வேலை இல்ல. 2022 செப்டம்பர்ல தென்கொரியாவோட போஹாங் ஊர்ல ஹின்னம்னோர் புயல் அடிச்சப்போ, ஒரு அபார்ட்மெண்ட்ல விடியற்காலையில பேஸ்மெண்ட் பார்க்கிங்ல இருக்குற வண்டியை எடுங்கன்னு நிர்வாகத்துலேர்ந்து அறிவிப்பு வந்திருக்கு. எடுக்கப் போனவங்க உள்ள இருக்கும்போதே பக்கத்து ஓடை பொங்கி வெள்ளம் உள்ள பாஞ்சுடுச்சு. 7 பேர் செத்துப் போனாங்க, 2 பேரைத் தான் பல மணி நேரம் கழிச்சு உயிரோட மீட்டாங்க. வண்டியை எடுங்கங்கிற செய்தி தப்பில்ல, வந்த நேரம் தப்பு. அதே செய்தி முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தா அது நல்ல செய்தி.

அதனால செகரட்டரியோ அட்மினோ யாரா இருந்தாலும் ஒரு ரூல் வச்சுக்கோங்க: பலத்த மழைன்னு வானிலை மையம் சொல்லிட்டா முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே பேஸ்மெண்ட்ல இருந்து வண்டியை ஏத்தச் சொல்லி செய்தி போகணும். தண்ணி உள்ள வர ஆரம்பிச்ச பிறகு போக வேண்டிய செய்தி ஒண்ணே ஒண்ணு தான், "யாரும் பேஸ்மெண்ட்டுக்குப் போகாதீங்க". வெளிய தண்ணி ஏறிட்டா கதவைத் திறக்கவே முடியாது, தண்ணியோட அழுத்தம் அப்படி.

செய்தியை எப்படி எழுதுறதுன்னா, "அனைவரும் உஷார்!!! இன்று இரவு மிக பலத்த மழை, அதிகம் பகிரவும்" இதுல எந்த ஊரு, எந்த இரவு, யார் சொன்னாங்க, நான் என்ன செய்யணும், ஒண்ணும் இல்ல. மூணு வருஷத்துக்கு முந்தின ஃபார்வர்டா கூட இருக்கலாம். இதுக்குப் பதிலா இப்படிப் போட்டுப் பாருங்க:

"புதன் 14-ம் தேதி, சாயங்காலம் 4 மணி. பி பிளாக் பின் கேட்டுகிட்ட கணுக்கால் அளவு தண்ணி. ரெண்டு லிஃப்டையும் 3-வது மாடியில நிறுத்தி ஆஃப் பண்ணியாச்சு. 6 மணிக்கு அரை மணி நேரம் மோட்டார் ஓடும், பிடிச்சு வச்சுக்கோங்க. பின் கேட் வழியா யாரும் போக வேண்டாம். அடுத்த தகவல் 7 மணிக்கு."

கடைசி வரி தான் இதுல முக்கியம்னு எனக்குத் தோணும். அடுத்த தகவல் எப்போன்னு தெரிஞ்சுட்டா நூறு பேர் "எனி அப்டேட்?"னு கேக்க மாட்டாங்க, உண்மையிலேயே உதவி கேக்குறவங்க மெசேஜ் அந்தக் கும்பல்ல அமுங்காது. குட்மார்னிங் படம் போடுறவங்களை அந்த நாலு நாளைக்கு மட்டும் மன்னிப்பு கேட்டு மியூட் பண்ணிடுங்க, இல்லைன்னா அட்மின் மட்டும் எழுதுற மாதிரி ஒரு தனி குரூப் வச்சுக்கோங்க.

முன்னாடியே ஒரு லிஸ்ட் எடுக்கணும். ஆக்சிஜன் மெஷின்ல இருக்குறவங்க, டயாலிசிஸ் போறவங்க, மாசமா இருக்குறவங்க, படியிறங்க முடியாத பெரியவங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டிய இன்சுலின் போடுறவங்க. ஒவ்வொருத்தருக்கும் அதே மாடியில ஒரு ஆளைப் பொறுப்பா போட்டுடுங்க. ஆனா இந்த லிஸ்ட்டைப் பொது குரூப்ல போடாதீங்க, எந்த வீட்ல யார் தனியா இருக்காங்க, எந்த வீடு பூட்டிக் கிடக்குன்னு நாமளே ஊருக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். பேப்பர்ல எழுதி ரெண்டு மூணு பேர் கையில இருந்தா போதும், போன் சார்ஜ் போனாலும் பேப்பர் இருக்கும்.

மழை கொட்டுற அன்னைக்கு

முடிஞ்ச வரைக்கும் சும்மா இருக்குறது தான் வேலை. ஓடுற தண்ணியை லேசா நினைக்காதீங்க, 15 செ.மீ. வேகமா ஓடினாலே பெரிய ஆளைக் கவுத்துடும், 30 செ.மீ. சின்ன காரைத் தூக்கிடும், 60 செ.மீ. இருந்தா பெரிய வண்டியும் மிதக்கும். கலங்கின தண்ணிக்கு அடியில மேன்ஹோல் மூடி இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, தண்ணி சீக்கிரம் வடியட்டும்னு நாமளே மூடியைத் திறந்து விடுற கெட்ட பழக்கமும் நம்மகிட்ட இருக்கு. அறுந்து கிடக்குற ஒயர் இருந்தா அதைச் சுத்தி இருக்குற தண்ணியும் ஒயர் தான், கிட்ட போகாம மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. தண்ணியில முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே பாக்காதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா இஞ்சினே உடைஞ்சுடும், டோ பண்ணி எடுத்துப் போறது தான் செலவு கம்மி.

இடி சத்தம் கேக்குதுன்னாலே மின்னல் எட்டுற தூரத்துல தான் இருக்கோம்னு அர்த்தம். மொட்டை மாடியில துணி எடுக்க ஓடாதீங்க, நனையட்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகட்டும். டிவி, வைஃபை, கம்ப்யூட்டர் பிளக்கை முன்னாடியே பிடுங்கி வைங்க, இடி இடிக்கும்போது போய்ப் பிடுங்க வேண்டாம். சார்ஜர்ல மாட்டாத செல்போன்ல பேசுறதுல பிரச்சனை இல்ல.

கரண்ட் போச்சுன்னா ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பாக்காதீங்க. மூடியே இருந்தா 4 மணி நேரம் வரைக்கும் உள்ள குளிர் நிக்கும், நிறைஞ்ச ஃப்ரீசர்னா 48 மணி நேரம் வரைக்கும் கூட தாங்கும்.

ஜெனரேட்டர் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். அதோட புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, நிறம் கிடையாது, வாசம் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். மழை உள்ள தெறிக்குதுன்னு வராண்டாவுலயோ படிக்கட்டுக்கு அடியிலயோ வச்சா மாடி வீட்ல தூங்குறவங்க எந்திரிக்க மாட்டாங்க. ஜன்னல் கதவுலேர்ந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, வெட்டவெளியில, மேல மட்டும் ஒரு மறைப்பு. கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சு குளிர் காயுறதும், காத்துப் போக வழியில்லாத பாத்ரூம்ல காஸ் ஹீட்டர் ஓடுறதும் இதே கதை தான். வீட்ல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், அசதின்னா ஜுரம்னு நினைச்சு படுத்துடாதீங்க, முதல்ல எல்லாரும் வெளிய வாங்க.

தண்ணி வடிஞ்ச பிறகு

மெயினை உடனே தூக்காதீங்க. பிளக் பாயிண்ட் வரைக்கும் தண்ணி ஏறியிருந்தா எலக்ட்ரீஷியன் போர்டைக் கழட்டி, காய வச்சு, பாத்த பிறகு தான். வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், பைப்புக்குள்ள ஓடுற ஒயர்ல தண்ணி அப்படியே நிக்கும்.

தரை கழுவும்போது பிளீச்சிங் பவுடரோட டாய்லெட் கழுவுற ஆசிட்டைச் சேக்காதீங்க, குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல நெஞ்சை அடைச்சுடும். தனித்தனியா, நடுவுல நல்லா தண்ணி விட்டுக் கழுவிட்டு. நனைஞ்ச மெத்தை, பாய், அட்டைப் பெட்டியெல்லாம் ஒண்ணு ரெண்டு நாள்லயே பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும், ஆஸ்துமா உள்ளவங்க இருக்குற வீட்ல கஞ்சத்தனம் பாக்காம தூக்கிப் போடுங்க. குடிக்கிற தண்ணி தளதளன்னு கொதி வந்த பிறகு ஒரு நிமிஷமாவது கொதிக்கணும், சூடாகி ஆவி வந்தா போதும்னு இறக்கிடாதீங்க. வெள்ளத் தண்ணியில நடந்தவங்க கால்ல வெட்டு, வெடிப்பு இருந்தா சோப்பு போட்டுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும்.

கொசு விஷயம் மழை விட்டு ஒரு வாரம் கழிச்சு தான் ஆரம்பிக்கும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை போடுறதுலேர்ந்து கொசுவாகி பறக்குற வரைக்கும் 7 லேர்ந்து 10 நாள் ஆகும். அதனால வாரத்துல ஒரு நாள் சுத்தம் பண்ணிட்டா அந்தச் சங்கிலி அறுந்துடும். ஆனா தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல பாத்திரத்தோட சுவத்துல ஒட்டிகிட்டு இருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருந்து அடுத்த மழைத் தண்ணி பட்டதும் பொரிஞ்சுடும், தேய்ச்சுக் கழுவணும். பாக்க மறந்து போற இடம்: ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, ஏசி தண்ணி சொட்டுற பக்கெட், செடித் தொட்டி தட்டு, யாரும் புழங்காத பாத்ரூமோட ஃப்ளஷ் டேங்க், மாடியில கிடக்குற பழைய டயர். இந்தக் கொசு பகல்ல தான் கடிக்கும், ராத்திரி மட்டும் வலை கட்டிப் பிரயோஜனம் கம்மி.

ஜுரம் வந்துட்டா பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபென் எதையும் நீங்களா போடாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு கூடும். இன்னொண்ணு, ஜுரம் விட்டுடுச்சுன்னு நிம்மதியா ஆயிடாதீங்க, டெங்குல ஜுரம் இறங்குற அந்த 24 லேர்ந்து 48 மணி நேரம் தான் ஆபத்தான கட்டம். அப்போ கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப சோர்வு, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் காலையில பாத்துக்கலாம்னு தள்ளாம அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.